டைல்ஸ் சந்தில் போன அறுபத்தைந்தாயிரம்

அம்மாவுக்கு ஒரு பாத்ரூம் கட்ட, டைல்ஸ் எடுக்க மட்டும் மூன்று தடவை ஈரோடு போனேன். பெருந்துறை ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கமோடு பார்க்க ஒரு நாள், குழாய் பார்க்க ஒரு நாள், கைப்பிடிக் கம்பி துருப்பிடிக்குமா பிடிக்காதா என்று கடைக்காரரோடு அரை மணி நேரம் பேச்சு. இத்தனை பார்த்தவள், ஒரு டைல்ஸுக்கும் அடுத்த டைல்ஸுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் என்ன அடைக்கப் போகிறோம் என்று மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்தச் சந்துதான் என்னை ரெண்டரை வருஷம் ஆட்டி வைத்தது. வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அண்ணன் தம்பியும் கிடையாது. எல்லாவற்றையும் நானே பார்த்தேன், நானே ஏமாந்தேன், கடைசியில் நானே கற்றுக்கொண்டேன். இந்த வேலையில் இறங்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு புறக்கடையில் இருந்த பழைய பாத்ரூமுக்குப் படியிறங்கிப் போக முடியவில்லை. அதனால் 2022இல் அவர் படுக்கிற அறையை ஒட்டி இருந்த சாமான் அறையை பாத்ரூமாக மாற்றினோம். எட்டுக்கு ஐந்து அடி. தடுக்கி விழக் கூடாது என்று வாசலில் நிலைப்படி வைக்கவில்லை. ஷவருக்குத் தடுப்பும் இல்லை. கமோடு, ஷவர், உட்கார்ந்து குளிக்கிற முக்காலி எல்லாம் ஒரே தரையில். குளித்தால் அறை முழுக்க நனையும். இப்படிப்பட்ட அறையில் மற்ற பாத்ரூமைவிடச் சந்துக்கு வேலை அதிகம், ஏனென்றால் காய்ந்த மூலை என்று ஒன்றே இருக்காது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு கிலோ ஒயிட் சிமென்ட் மட்டும் வாங்கி வெச்சுருங்க அம்மணி, கடைசில ஃபில்லிங் பண்ணிக்கலாம்." நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மொத்தச் செலவு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதில் இந்த நூறு ரூபாயை நான் கணக்கு நோட்டில் எழுதக்கூட இல்லை.

டைல்ஸ் போடுகிறபோது ஸ்பேசர் வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். சந்து ஒரே அளவாக வருவதற்கு நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் துண்டு அது. "அதெல்லாம் பெரிய மால்ல வெக்கறதுங்க. ஊட்டுக்குள்ள எதுக்கு? சந்தே தெரியாம ஒட்டிக் குடுக்கறனுங்க, கண்ணாடியாட்ட இருக்கும்" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். சந்து குறைந்தால் தண்ணீர் இறங்குகிற வழியும் குறையும் என்றுதானே தோன்றும்? நடப்பது அதற்கு நேர் எதிர். மயிரிழை மாதிரி இருக்கிற சந்துக்குள் எந்தப் பூச்சும் அடிவரை இறங்காது. மேலே ஒரு தோல் மாதிரி படியும், அவ்வளவுதான். தண்ணீர் அந்தத் தோலுக்குள் புகுந்து போய்விடும். தரைக்கு 3 மி.மீ., சுவருக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டால்தான் அடைக்கிற பொருள் டைல்ஸ் கனம் முழுக்க இறங்கி நிற்கும். இதையெல்லாம் பின்னால் தரையை உடைத்து ரெண்டாவது தடவை போட்டபோதுதான் கண்ணால் பார்த்தேன்.

சந்து அடைத்தது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக வந்து கதவைப் பிடுங்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் போடவில்லை. காலையில் பூசிய ஒயிட் சிமென்ட் மத்தியானத்துக்குள் சுண்ணாம்பாகக் காய்ந்துவிட்டது. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. சிமென்ட் கலந்த எதுவாக இருந்தாலும் கெட்டியாக ஈரம் வேண்டும், காற்றில் சட்டென்று காய்ந்தால் சுருங்கி விரிசல் விடும். அதிலும் மணலோ வேறு நிரப்பியோ சேர்க்காத வெறும் ஒயிட் சிமென்ட் இன்னும் அதிகம் சுருங்கும். நாங்கள் குடி புகுந்த அன்றைக்கே அந்தக் கோடுகளில் தலைமுடி அளவு விரிசல் இருந்தது. நான் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதத்தில் கோடெல்லாம் கறுத்தது. அதோடு எங்கள் போர் தண்ணீர் வேறு. ஆர்.ஓ. மாட்ட வந்தவர், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு ஆயிரத்து எண்ணூறு என்றார். வாளியிலேயே வெள்ளை வளையம் விழுகிற தண்ணீர் டைல்ஸை விடுமா? சுவரெல்லாம் உப்புக்கறை. ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வாரம் ஒரு நாள் பாத்ரூம் ஆசிட். ஊற்றியதும் சுர்ரென்று நுரை பொங்கும், கறை போகும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நுரையில் பாதி கறையில் இருந்து வரவில்லை, சந்தில் இருந்து வந்தது. உப்புக்கறையிலும் கால்சியம்தான், சிமென்ட்டிலும் கால்சியம்தான். ஆசிட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷம் இப்படி நானே என் கையால் சந்தைக் கரைத்திருக்கிறேன். ஒரு நாள் கொண்டை ஊசியை வைத்து ஷவருக்குக் கீழே ஒரு கோட்டைச் சுரண்டிப் பார்த்தேன். ஊறின அரிசி மாவு மாதிரி ஊசியோடு வந்தது. ஒரு நாற்றம் வேறு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தயவுசெய்து சிமென்ட் கலந்த சந்து இருக்கிற பாத்ரூமில் ஆசிட் ஊற்றாதீர்கள். வினிகரும் வேண்டாம், அதுவும் ஆசிட்தான். குளித்து முடித்ததும் வைப்பரை வைத்துத் தண்ணீரை வழித்துவிட்டாலே உப்பு நிறையக் குறையும்.

2023 வெயில் காலத்தில் அம்மா கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பெயின்ட் பொடிந்து விழ ஆரம்பித்தது. பாத்ரூமுக்கும் அந்த அறைக்கும் பொதுச் சுவர் அது. தொட்டால் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வெளிக்காற்றில் ஈரம் ஏறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆறாயிரம் ரூபாய்க்குப் பட்டி பார்த்துப் புதுப் பெயின்ட் அடித்தேன். மூன்றே மாதத்தில் பழையபடி. ஈரம் வருகிற வழியை அடைக்காமல் சுவரை அலங்காரம் பண்ணினால் அந்தக் காசு அப்படியே போகும். எனக்குப் போனது.

அப்புறம்தான் டைல்ஸ் வேலைக்காரர் வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். "பவுடர் கிரவுட் அடிச்சுட்டா சரியாயிருமுங்க" என்று, டைல்ஸ் சந்து அடைக்கவென்றே விற்கிற அந்தக் கலவையைப் பழைய ஒயிட் சிமென்ட்டுக்கு மேலேயே பூசிவிட்டுப் போனார். மூவாயிரத்து ஐந்நூறு. ரெண்டு மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து, தண்ணீர் வெளியே போகிற ஓட்டைச் சல்லடையில் வந்து நின்றது. பொருளைக் குறை சொல்ல முடியாது. நல்ல சிமென்ட் கிரவுட் ஒயிட் சிமென்ட்டைவிட எவ்வளவோ மேல், அதில் பாலிமர் என்கிற பிசின் மாதிரிப் பொருள் சேர்த்திருக்கும், 3 மி.மீ. வரை மணல் இல்லாதது, அதற்கு மேல் மணல் கலந்தது என்று சந்துக்கு ஏற்ற மாதிரியும் கிடைக்கும். ஆனால் பழையதைக் கீறி எடுக்காமல் மேலே பூசினால் எதுவும் பிடிக்காது. டைல்ஸ் கனத்தில் மூன்றில் ரெண்டு பங்கு ஆழமாவது சுரண்டி எடுத்து, தூசி உறிஞ்சி, பிறகுதான் புதுசு போட வேண்டும். என் டைல்ஸில் சந்தே இல்லையே, எங்கே போய்ச் சுரண்டுவது? கட்டிங் மெஷினை விட்டுப் பார்த்ததில் ஆறு டைல்ஸின் ஓரம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த கூத்து எபாக்ஸி, அதாவது ரெசின் என்கிற பிசினையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் கலந்து போடுகிற கிரவுட். 2024 சித்திரை மாதம். தண்ணீரே இறங்காது, ஆசிட்டுக்கும் அசையாது என்று கேள்விப்பட்டு, கிலோ அறுநூற்றைம்பது கொடுத்து ரெண்டு கிலோ வாங்கினேன், கூலி ரெண்டாயிரத்து ஐந்நூறு. வந்த பையன் நல்ல பையன்தான், ஆனால் எபாக்ஸி போட்டுப் பழக்கமில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வெளியே தார் உருகுகிற வெயிலில், ரெண்டு கிலோவையும் ஒரே வாளியில் கலந்தான். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்ததும் உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பும், மொத்தமாக ஒரே வாளியில் இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் இறுகும், வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இருபது நிமிஷத்தில் வாளியைத் தொட்டுப் பார்த்தேன், சாதம் வடித்த பாத்திரம் மாதிரி சுட்டது. பாதிப் பொருள் வாளியிலேயே கல்லாகிவிட்டது, கரண்டியும் அதோடு நட்டுக்கொண்டது. தரையில் தடவியதை அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. வழுக்காத சொரசொர டைல்ஸ் என்பதால் அதன் குழியிலெல்லாம் எபாக்ஸி படிந்து, எண்ணெய் சிந்தின மாதிரி ஒரு மங்கல் நிரந்தரமாகிவிட்டது. போதாதற்கு உள்ளே ஈரம். ஈரமான சந்தில் எபாக்ஸி ஒட்டாது. அறையை ஒரு வாரமாவது காயப் போட்டிருக்க வேண்டும். நாங்கள் காலையில் அம்மா குளித்த தரையில் மத்தியானம் பூசினோம். அதுவும் போச்சு, மூவாயிரத்து எண்ணூறு.

இத்தனைக்கும் நடுவில் உண்மையைக் கண்டுபிடித்தது அம்மாதான். எங்கள் வீட்டில் முன்பு கொப்பரைக் களம் இருந்தது. காயைத் தட்டியே உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர், நடக்கிற தடியைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றார். "ஏங்கண்ணு, இந்தக் கல்லுக்கு அடியில ஒண்ணுமே இல்ல பாரு. பருப்பில்லாத காயாட்டச் சத்தம் வருது" என்றார். நானும் சாவியால் தட்டிப் பார்த்தேன். ஒரு டைல்ஸ் டங் என்றது, அடுத்தது டொக் என்றது. சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டே போனதில் நாற்பதில் பதினேழு டொக். நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த காலி இடமெல்லாம் தண்ணீர் தேங்குகிற குளம். மேலே நடக்கும்போது டைல்ஸ் கொஞ்சம் அசையும், அசைந்தால் எப்பேர்ப்பட்ட கிரவுட்டும் விரிசல் விடும். இதைவிடப் பெரிய விஷயம், டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் என்று ஒன்று போடவே இல்லை. நான் ரெண்டு வருஷமாகச் சந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தடுக்க வேண்டியது கீழே இருக்கிற பூச்சு, சந்து அதற்குக் காவல்காரன் மாதிரிதான். காவல்காரனையே சுவராக நிற்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

2024 மார்கழியில் உடைத்தோம். வெயில் தணிந்திருக்கட்டும் என்று வேண்டுமென்றே அந்த மாதம் வைத்தேன். இந்தத் தடவை ஆளை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டேன்: எபாக்ஸி எத்தனை பாத்ரூமுக்குப் போட்டிருக்கிறீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு கலப்பீர்கள், துடைப்பதற்கு எத்தனை பேர் வருவீர்கள். தாராபுரத்திலிருந்து வந்தவர் மூன்றாவது கேள்விக்குச் சிரித்துவிட்டு, "பூசறதுக்கு ஒருத்தன் போதுமுங்க, தொடைக்கத்தான் ரெண்டு பேரு வேணும்" என்றார். அவரையே போட்டேன்.

தரை முழுக்க, சுவரில் கீழ் மூன்று அடி, ஷவர் சுவர் மட்டும் ஏழடி வரை பெயர்த்தார்கள். தரையைச் சல்லடையை நோக்கி ஓர் அடிக்கு மூன்று மி.மீ. சாய்வு வருகிற மாதிரி ரசமட்டம் வைத்துச் சரி செய்தார்கள். பாலிமர் கலந்த வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட்டு, மூலையிலும் குழாய் வருகிற இடத்திலும் வலைத்துணி வைத்து. பிறகு சல்லடையை அடைத்து, வாசலில் ஒரு வரி செங்கல் கட்டி, ரெண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்தோம். தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், வீட்டுக்காரர் போனில் சிரிக்கிறார். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்ட விடாதீர்கள், கூலி ஆள் அவசரப்படுவார், படட்டும்.

கிரவுட்டை இந்தத் தடவை டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்தோம். இதுதான் நான் முதலில் செய்திருக்க வேண்டியது, ஏனென்றால் சந்து எத்தனை மி.மீ. என்பதும், ஸ்பேசரும், நிறமும் எல்லாம் அதைப் பொறுத்தே வரும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஐஎஸ்ஓ 13007 என்று போட்டுப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். சிஜி1 என்றால் சாதாரண சிமென்ட் கிரவுட், சிஜி2 என்றால் மேம்பட்டது, அதோடு டபிள்யூ சேர்ந்திருந்தால் தண்ணீர் உறிஞ்சுவது குறைவு, ஆர்ஜி என்றால் எபாக்ஸி வகை. எப்போதும் நனைகிற தரைக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஆர்ஜியே போடுங்கள். காசு இடித்தால் தண்ணீர் அவ்வளவாகப் படாத மேல் சுவருக்கு சிஜி2 போதும், நானும் அப்படித்தான் கலந்து போட்டேன். எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டைல்ஸ் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, ரெண்டையும் பெருக்கினால் வருகிற எண்ணால் வகுத்து, கனத்தாலும் சந்து அகலத்தாலும் பெருக்கி (எல்லாம் மி.மீ.), 1.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அடிக்கு அடி டைல்ஸ், 9 மி.மீ. கனம், 3 மி.மீ. சந்து என்றால் முந்நூறு கிராமுக்குப் பக்கம். எனக்கு மொத்தம் ரெண்டேகால் கிலோ சொச்சம் வந்தது, மூன்று கிலோ வாங்கினேன், ஒரு கிலோ பாக்கெட்டாக. பெரிய பாக்கெட்டை வாங்கிக் கண்ணளவில் பிரித்துக் கலந்தால் ரெசினும் ஹார்டனரும் அளவு மாறி, சில இடம் இறுகவே இறுகாது.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு கிலோ கலந்து, ரெண்டு ரெண்டு சதுர மீட்டராகப் பூசி, உடனே பின்னாலேயே ரெண்டு பேர் ஈர ஸ்க்ரப்பரால் வட்டமாகத் தேய்த்து, ஸ்பான்ஜால் குறுக்கே இழுத்தார்கள். கோட்டோடு நீளவாக்கில் இழுத்தால் சந்திலிருந்து பொருள் வெளியே வந்துவிடும். அரை மணிக்குள் ஒரு தடவை, அப்புறம் சுத்தமான தண்ணீரில் இன்னொரு தடவை. தண்ணீரைப் பத்து தடவையாவது மாற்றினார்கள், நான் எண்ணினேன். சொரசொர டைல்ஸ் எடுத்தால் ஒரு துண்டில் முதலில் பூசித் துடைத்துப் பாருங்கள், மங்கல் தங்குகிற டைல்ஸ் என்றால் அப்போதே மாற்றிவிடலாம். நிறம் வெள்ளை வேண்டாம் என்று அவரே சொன்னார், வெயில் படுகிற ஜன்னல் பக்கம் எபாக்ஸி மஞ்சளாகப் பழுக்குமாம். சாம்பல் எடுத்தோம், உப்பும் அதில் தெரியவில்லை. தரையும் சுவரும் சேர்கிற மூலையில் கிரவுட்டே போடவில்லை, ரப்பர் மாதிரி வளைகிற சிலிக்கான் பசைதான். ரெண்டும் தனித்தனியாக அசைகிற இடம் அது, இறுகிப்போகிற பொருள் எதை வைத்தாலும் விரியும். பூஞ்சை பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் கண்ணாடிக்குச் சரி, சிமென்ட்டுக்கும் மார்பிளுக்கும் ஆகாது.

இந்தக் கடைசி வேலைக்கு ஐம்பத்திரண்டாயிரம். முன்பு தொலைத்ததையும் கூட்டினால் அறுபத்தைந்தாயிரத்து முந்நூறு. முதல் தடவையே பத்தாயிரம் கூடப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பழைய டைல்ஸில் மிச்சப் பெட்டி வைக்காததால் அதே ரகம் கிடைக்கவில்லை, குஜராத்தில் இருக்கிற மோர்பியிலிருந்து வருகிற சரக்கு, ஒரு வருஷத்தில் டிசைனே மாறிவிடுகிறது. அதனால் கீழ் மூன்று அடிக்கு அடர்ந்த நீலம் ஒட்டினோம். வருகிற ஒறம்பரையெல்லாம் வேண்டுமென்றே செய்த டிசைன் என்று நினைத்து எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

எபாக்ஸி பூசி ஒரு நாளில் நடக்கலாம், ஆனால் ஏழு நாள் தண்ணீர் படாமல் வைத்தோம், அம்மா அதுவரை பக்கத்து வீட்டில் குளித்தார். எட்டாவது நாள் உள்ளே போனவர் குழாயைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். தடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, டங், டங், டங். கமோடு பக்கம் ஒரு இடத்தில் நிறுத்தி ரெண்டு தடவை தட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, சோப்பு டப்பா மேல பட்டுருச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, பிறகுதான் தண்ணீர் விழுகிற சத்தம்.